பெரிய அட்வெஞ்சர் பைக் வாங்க முதல்: மட்டக்களப்பு, அம்பாறைக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்ததிலிருந்து, தார் ரோட்டிலும் கரடுமுரடான ரோட்டிலும் நீண்ட தூரம் ஓடச் செய்த அட்வெஞ்சர் பைக் பற்றி விசாரிக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். கேட்பதெல்லாம் சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: இவ்வளவு காசைக் கொட்டி ஒரு பிஎம்டபிள்யூ ஜிஎஸ்ஸோ ஹொண்டா ஆப்பிரிக்கா ட்வினோ எடுத்துவிட்டு, பிறகு ஏதாவது பழுது வந்தால் மாட்டிக்கொள்வேனா? அந்தக் கேள்விகளையும் வழக்கமாக நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். விலை எதுவும் எழுதவில்லை. வரியும் டொலரும் ஆடுகிற ஆட்டத்தில் இன்று எழுதினால் நாளைக்குப் பிழை.

இணையத்தில் தேடினால் எல்லா பைக்குக்கும் ஒரு பெரிய குறை இருக்கிறதே, எதைத்தான் நம்புவது?

ஒழுங்காக ஓடுகிற பைக்கைப் பற்றி யாரும் மெனக்கெட்டு எழுதுவதில்லை. நடுவழியில் நின்றவர்தான் இராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதுவார், அதைப் படித்துவிட்டு நமக்கும் தூக்கம் கெடும். அதனால் எத்தனை முறைப்பாடு என்று எண்ணாதீர்கள், முறைப்பாடுகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரே சாமான், கிட்டத்தட்ட ஒரே கிலோமீட்டர், ஒரே வருட மொடல், ஆனால் எழுதுகிறவர்கள் வேறு வேறு நாட்டுக்காரர் என்றால் அது உண்மையான குறை. ஒருவருக்கு கிளட்ச், இன்னொருவருக்கு ஹோர்ன், மூன்றாமவருக்கு மீட்டர் என்று சிதறிக் கிடந்தால் அது எந்த பைக்கிலும் நடப்பதுதான்.

கணக்கு வேண்டுமென்றால், அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2015இல் தன் வாசகர்களிடம் கேட்டு வெளியிட்ட ஒன்று இருக்கிறது. நான்கு வருடம் பழகிய பைக்குகளில் பழுது வந்தவை நூற்றுக்கு எத்தனை என்றால், யமஹாவுக்கு 11, சுசுகிக்கும் ஹொண்டாவுக்கும் 12, கவாசாகிக்கு 15, ட்ரையம்ஃபுக்கு 29, டுகாட்டிக்கு 33, பிஎம்டபிள்யூவுக்கு 40. பழைய கணக்கு, அமெரிக்க ரோட்டுக் கணக்கு, மொடல் பிரிக்காமல் கொம்பனி வாரியாகப் போட்ட கணக்கு. ஆகவே திசை காட்டும், அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. இதே ஆய்வில் ‘திரும்பவும் இதையே வாங்குவேன்’ என்று அதிகம் சொன்னவர்கள் விக்டரி பைக் வைத்திருந்தவர்கள். அந்த பைக்கை இனிச் செய்யப்போவதில்லை என்று தாய்க் கொம்பனியான போலாரிஸ் 2017 ஜனவரியில் அறிவித்துவிட்டது. ஆள் திருப்தியாக இருப்பது ஒன்று, பைக் பழுதாகாமல் இருப்பது இன்னொன்று, கொம்பனி நிலைத்து நிற்பது வேறொன்று.

அப்போ ஜப்பான் பைக் எடுத்தால் கதை முடிந்தது?

பாதி முடிந்தது. மற்றப் பாதி நீங்கள் இருக்கிற இடத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் இருக்கிறவருக்கு ஃபியூவல் பம்ப் போனால் தொலைபேசி எடுத்தால் வண்டி வரும், அடுத்த கிழமை பைக் கையில். அக்கரைப்பற்றிலோ வாழைச்சேனையிலோ அதே பம்ப் போனால் முதலில் பைக்கை ஏற்ற ஒரு பட்டா லொறி பிடிக்க வேண்டும், பிறகு அது என்ன பழுது என்று கண்டுபிடிக்க ஒரு ஆள் வேண்டும், பிறகு சாமான் கொழும்பில் இருக்கிறதா, இல்லை வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமா, வந்தால் சுங்கத்தில் எவ்வளவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கொழும்பு எங்களுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல்.

அதனால் நான் பார்க்கிற கணக்கு வேறு. இந்த பைக் எத்தனை தரம் பழுதாகும் என்பதை விட, பழுதானால் எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் எங்கள் பக்கத்துக்குப் பெரிய கேள்வி. வருடத்துக்கு இரண்டு தரம் சின்னச் சின்னப் பழுது வந்து கல்முனையிலேயே அன்று பின்னேரம் சரியாகிற பைக், ஐந்து வருடத்துக்கு ஒரு தரம் பழுதாகி நான்கு மாதம் தார்ப்பாயால் மூடிக் கிடக்கிற பைக்கை விட எனக்கு நல்ல பைக். கீழே வருகிற பதில்கள் எல்லாவற்றிலும் இந்தக் கணக்குத்தான் ஓடுகிறது.

சரி, எந்த மொடலுக்கு என்ன குறை பேர்போனது? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பிஎம்டபிள்யூவிலிருந்து தொடங்குவோம், அதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். 2004இல் வந்த ஆர் 1200 ஜிஎஸ்ஸின் ஆரம்ப வருடங்களில் பின்சில்லுப் பக்கத்து ஃபைனல் டிரைவ் (எஞ்சின் வலுவைச் சில்லுக்குக் கொடுக்கிற பற்சக்கரப் பெட்டி) பெயாரிங் போவது உலகம் அறிந்த கதை. 2013க்குப் பிறகு வந்த தண்ணீர்க் குளிரூட்டி மொடலில் முன் ஃபோர்க் குழாய்க்காக 2017இல் பெரிய ரீகோல், அதாவது கொம்பனி பைக்குகளைத் திருப்பி அழைத்துச் சரிசெய்வது, நடந்தது. பிறகு ஈரம் இறங்கித் துருப்பிடிக்கிற கார்டன் ஷாஃப்ட் (செயினுக்குப் பதிலாகப் பின்சில்லைச் சுற்றவைக்கிற தண்டு) பேச்சு வந்தது. 1300 ஜிஎஸ் 2023 செப்டெம்பரில் அறிமுகமாகி அடுத்த வருடமே ஸ்டார்ட்டர் ரிலே சூடாகிறது என்று திருப்பி அழைக்கப்பட்டது. இதையெல்லாம் கேட்டுவிட்டு ஜிஎஸ் கூடாத பைக் என்று முடிவெடுக்க வேண்டாம். பிழை வந்தால் கொம்பனி கூப்பிட்டுச் சரிசெய்கிறது, ஆனால் அப்படிக் கூப்பிடும்போது நீங்கள் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும். அந்த வாசல் மட்டக்களப்பில் இல்லை.

ஹொண்டா ஆப்பிரிக்கா ட்வின், 2016இல் வந்த 1000 சிசி மொடல்: எஞ்சின் தங்கம், ஆனால் சில்லுக் கம்பிகள் துருப்பிடிப்பதாக ஈரமான நாடுகளில் நிறையப் பேர் வாரண்டியில் மாற்றினார்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் குடியிருக்கிற எங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பாவித்ததைப் பார்க்கப் போனால் முதலில் குனிந்து கம்பியும் நிப்பிளும் சேருமிடத்தைப் பாருங்கள்.

கேடிஎம் 790, 890 இரண்டிலும் வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்ட் தேய்வது பற்றிய முறைப்பாடு பல நாடுகளிலிருந்தும் வந்தது. மேலே நான் சொன்ன ‘ஒரே சாமான், வேறு வேறு ஆட்கள்’ என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 2016இல் வந்த முதல் தொகுதி இந்தியாவில் நிறையத் திட்டு வாங்கியது. பிறகு திருந்தியது. யமஹா டெனேரே 700இலும் சுசுகி வி-ஸ்ட்ரோம் 650இலும் இப்படிப் பெயர்சொல்லிச் சொல்லுமளவுக்கு ஒன்றும் எழவில்லை. வி-ஸ்ட்ரோமைப் பார்த்து யாரும் வாயைப் பிளக்கமாட்டார்கள், அதுதான் அதன் ஒரே குறை.

புது மொடல் வந்த கையோடு எடுக்கலாமா?

வேண்டாம். இரண்டு வருடம் விடுங்கள். வெளிநாட்டுக்காரர் ஓட்டிப் பார்த்து, கொம்பனி பிழையைத் திருத்திய பிறகு எடுத்தால் போதும். அவசரம் என்ன?

கேடிஎம் கொம்பனியே விழுந்துவிட்டது என்கிறார்களே?

2024 நவம்பரில் ஒஸ்திரியாவில் கடன் தீர்க்க முடியாத நிலை என்று நீதிமன்றம் போனது உண்மை. 2025இல் இந்தியாவின் பஜாஜ் காசு போட்டுக் காப்பாற்றியது, கட்டுப்பாடும் அவர்கள் கைக்குப் போய்விட்டது. 390 அட்வெஞ்சர் ஏற்கெனவே பஜாஜின் சாக்கன் தொழிற்சாலையில் செய்யப்படுவதுதான், அதன் பழைய 373 சிசி எஞ்சினின் உறவுக்காரன்தான் டொமினார் 400இல் இருக்கிறது. அதனால் சின்ன கேடிஎம்முக்கு நான் பயப்படமாட்டேன். ஒஸ்திரியாவில் பிறந்த பெரியவற்றுக்குக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பேன்.

நாங்கள் கடற்கரையோரம், காத்தான்குடியிலிருந்து ஒரு காக்கா கேட்கிறார்: உப்புக் காற்று இவ்வளவு விலையான பைக்கை என்ன செய்யும்?

சாப்பிடும். ஆனால் எல்லாரும் பயப்படுகிற இடத்தில் சாப்பிடாது. டாங்கியும் ஃபிரேமும் நல்ல பெயிண்ட், அவை தாங்கும். உப்பு போய் உட்காருவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். இடது கை சுவிட்ச் பெட்டியைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே செம்புத் தகட்டில் பச்சையாக மாவு மாதிரி ஒன்று படிந்திருக்கும். அதுதான் ஒரு நாள் காலையில் ஹோர்ன் அடிக்காமல் போவதற்கும், சிக்னல் போட்டால் ஹைபீம் எரிவதற்கும், சைட் ஸ்டாண்ட் சுவிட்ச் ஏமாற்றி பைக் ஸ்டார்ட்டே ஆகாமல் நிற்பதற்கும் காரணம். ஒரு பஜாஜ் சிடி 100இல் இது நடந்தால் சுவிட்ச் செட் கல்முனை பஜாரில் கிடைக்கும். பெரிய பைக்கில் அதே சுவிட்ச் செட்டுக்குள் குறூஸ் கொன்ட்ரோல், மெனு பட்டன், சூடாகிற கைப்பிடி எல்லாம் ஒரே துண்டாக வரும், துண்டாகத்தான் விற்பார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

அடுத்தது பிரேக் கலிப்பர் பிஸ்டன், செயின், சில்லுக் கம்பி, ரேடியேட்டர் செதில், ஏபிஎஸ் சென்சர் வயர் செருகிற இடம். வாங்கின முதல் மாதமே, பைக் புதிதாக இருக்கும்போதே, கைக்கு எட்டுகிற கனெக்டர் ஒவ்வொன்றையும் கழற்றி டைஇலெக்ட்ரிக் கிரீஸ் (மின் இணைப்புக்குள் ஈரம் போகாமல் தடுப்பது) கொஞ்சம் வைத்துத் திரும்பப் பூட்டுங்கள். ஒரு சின்ன டியூப் கிரீஸ், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான் செலவு. பாசிக்குடாப் பக்கமோ அறுகம்பைப் பக்கமோ போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் பிரஷர் போட்டு அடிக்க விடாதீர்கள், அது உப்பை வெளியே எடுக்காது, பெயாரிங்குக்குள் தள்ளிவிடும். கிணற்றுத் தண்ணீரே உவர் என்றால் அதில் கழுவி என்ன பலன்? குழாய்த் தண்ணீர் எடுங்கள்.

மாரியில் வெள்ளத்துக்குள் விடலாமா? ‘அட்வெஞ்சர்’ என்று பெயரே வைத்திருக்கிறார்களே.

கார்த்திகை, மார்கழியில் படுவான்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு இது விளையாட்டுக் கேள்வியில்லை. கிரான், வவுணதீவு, வெல்லாவெளி எங்கே போனாலும் வயலும் ரோட்டும் ஒன்றாகிவிடும். காற்று இழுக்கும் வாய் பெரும்பாலான பெரிய பைக்கில் உயரத்தில் இருப்பதால் முழங்கால் அளவு தண்ணீரை மெதுவாகத் தாண்டலாம். தாண்டியதோடு வேலை முடியாது. ஓடிச் சூடான சில்லு பெயாரிங்கும் ஷாஃப்ட் டிரைவும் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கும்போது சீலின் வழியாக ஈரத்தை உள்ளே இழுக்கும். ஒரு கிழமைக்குப் பிறகு ஃபைனல் டிரைவ் ஒயிலை இறக்கிப் பாருங்கள், பால் தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, உடனே மாற்றுங்கள். ஒயில் விலை எவ்வளவு, பெயாரிங் விலை எவ்வளவு என்று யோசித்தால் இதில் சோம்பல் வராது. செயின் பைக் என்றால் கழுவிக் காயவைத்து ஒயில் பூசினால் முடிந்தது. செயினில் எனக்குப் பிடித்ததே இதுதான்: பழுதானால் கண்ணுக்குத் தெரியும், எந்தக் கராஜிலும் மாற்றலாம்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எஞ்சின் சூடாகி நிற்குமா?

நிற்காது, ஆனால் உங்கள் தொடை வேகும். கல்முனைச் சந்தியில் சந்தை நாளில் ஊர்ந்து போகும்போது ரேடியேட்டர் விசிறி விடாமல் சுழலும், அது பழுதில்லை, அதன் வேலையே அதுதான். கூலன்ட்டுக்குப் பதிலாக வெறும் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கிற பழக்கத்தை மட்டும் இந்த பைக்குக்குக் கொண்டுவராதீர்கள்.

எங்கள் ஷெட்டில் 92 ஒக்டேன் பெற்றோல்தான் எப்போதும் இருக்கிறது. 95 கட்டாயமா?

கையேட்டைப் பாருங்கள். ஆப்பிரிக்கா ட்வினுக்கு 91 ஒக்டேனே போதும், ஆகவே 92 தாராளம். ஆர் 1250 ஜிஎஸ்ஸுக்கு 95 சொல்கிறார்கள். எஞ்சின் தட்டுவதைக் கண்டு தானே சரிசெய்ய உதவுகிற நொக் சென்சர் இருப்பதால் அவசரத்துக்கு 92 அடித்து வீடு வந்து சேரலாம், அதையே வழக்கமாக்க வேண்டாம். எனக்கு ஒக்டேனை விட அழுக்குத்தான் பயம். அறுகம்பைக்கு அப்பால் பாணமை, உகந்தை என்று போகிறபோது கடையில் போத்தலில் வாங்கி ஊற்றுகிற பெற்றோலில் தண்ணீரும் தூசியும் இருக்கலாம். பழைய காபரேட்டர் பைக் இரண்டு இருமல் இருமிவிட்டு ஓடும். இன்ஜெக்ஷன் பைக்கில் டாங்கிக்குள் இருக்கிற பம்பும் அதன் ஃபில்டரும் அடிவாங்கும், அதுவும் உடனே தெரியாது, பிறகு ஒரு நாள் தெரியும். பொத்துவிலில் டாங்கியை நிரப்பிக்கொண்டு போங்கள்.

டயரும் பங்சரும்?

இதை யாரும் வாங்க முதல் யோசிப்பதில்லை. டெனேரே 700இலும் சாதாரண ஆப்பிரிக்கா ட்வினிலும் டியூப் டயர். ஜிஎஸ்ஸின் கம்பிச் சில்லு, வி-ஸ்ட்ரோம் இரண்டும் டியூப்லெஸ். டியூப் என்றால் எந்த ஊர் பங்சர் கடையும் ஒட்டிவிடும் என்று நினைப்போம்; சில்லைக் கழற்ற அச்சுக்குத் தேவையான பெரிய அலன் கீ அந்தக் கடையில் இருக்காது, பைக்கைத் தூக்கி நிறுத்த சென்டர் ஸ்டாண்டும் இருக்காது. ஆகவே அந்த ஒரு சாவியை உங்கள் பையில் வைத்திருங்கள். டியூப்லெஸ் என்றால் பிளக் கிட்டும் சின்ன பம்பும் போதும், லாகுகலையில் யானை வருகிற நேரத்தில் ரோட்டோரம் சில்லைக் கழற்றிக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

டயர் சைசையும் பாருங்கள். முன்னுக்கு 90/90-21, பின்னுக்கு 150/70-18 என்ற சைசெல்லாம் எங்கள் பக்கத்துக் கடையில் தொங்காது. தேய்ந்த பிறகு தேடத் தொடங்கினால் பைக் நிற்கும். ஒரு சோடி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், வெயில் படாத இடத்தில்.

சாமான் கிடைக்குமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? ஏஜென்ட் எல்லாம் கிடைக்கும் என்றுதான் சொல்வார்.

‘கிடைக்குமா?’ என்று கேட்டால் ‘கிடைக்கும்’ என்றுதான் வரும். இப்படிக் கேளுங்கள். அந்த மொடலின் பார்ட்ஸ் பட்டியலை இணையத்தில் எடுத்து, பார்ட் நம்பரோடு சில சாமான்களை எழுதுங்கள்: முன் பிரேக் பாட், ஒயில் ஃபில்டர், எயார் ஃபில்டர், கிளட்ச் லீவர், முன் சில்லு பெயாரிங், ரேடியேட்டர், ஃபியூவல் பம்ப். வாங்குகிற ஆளாகக் காட்டிக்கொள்ளாமல், ஏற்கெனவே பைக் வைத்திருந்து பழுதான ஆளாகத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். ‘இது இன்றைக்கு உங்கள் ராக்கையில் இருக்கிறதா, இருந்தால் விலை என்ன, இல்லையென்றால் எத்தனை நாள், முற்பணம் எவ்வளவு?’ ஃபில்டரும் பாடும் கூட ராக்கையில் இல்லை என்று வந்தால் பேச்சை அங்கேயே முடியுங்கள். அவை இருந்து, லீவரும் பெயாரிங்கும் ஒரு கிழமையில் வரும் என்றால் நல்லது. ஃபியூவல் பம்புக்கும் ரேடியேட்டருக்கும் ‘ஓர்டர் போட வேண்டும்’ என்பார்கள், அது எங்கேயும் அப்படித்தான். ஆனால் ‘ஒரு மாதம்’ என்று திட்டமாகச் சொல்கிறவரும் ‘பார்ப்போம் தம்பி’ என்று இழுக்கிறவரும் ஒன்றில்லை.

இதில் இன்னொரு வழியும் இருக்கிறது. பெயாரிங், சீல், செயின், ஸ்பார்க் பிளக், பற்றரி போன்றவை கொம்பனிப் பெட்டியில் வந்தாலும் உள்ளே இருப்பது உலகம் முழுக்க ஒரே அளவுள்ள சாமான். பெயாரிங்கின் பக்கத்தில் அச்சடித்த இலக்கத்தைக் கொடுத்தால் நெல் வெட்டுகிற மெஷினுக்கு சாமான் விற்கிற கடையிலேயே எடுக்கலாம். அம்பாறைப் பக்கத்தில் அப்படிப்பட்ட கடைகளுக்குப் பஞ்சமில்லை.

எங்கள் ஊர் பாஸ்மார் எந்த எஞ்சினையும் பிரித்துப் போடுவார்கள். அவர்களால் முடியாதா?

கைவேலை முடியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டிராக்டர் எஞ்சினை வயல் வரம்பில் வைத்துப் பிரித்தவர்கள். தடை வருவது வேறு இடத்தில். இப்போதைய பெரிய பைக் பலவற்றில் த்ரொட்டிலுக்கு கேபிள் இல்லை, வயர்தான்; ஏபிஎஸ், ட்ராக்ஷன் கொன்ட்ரோல், சாவியில்லாத ஸ்டார்ட் எல்லாம் ஒரு கொம்பியூட்டரோடு பேசுகின்றன. பழுது எங்கே என்று அந்தக் கொம்பியூட்டரிடம் கேட்கக் கருவி வேண்டும். பிஎம்டபிள்யூவுக்கு ஜிஎஸ்-911 என்று வெளியார் செய்த கருவி ஒன்று விற்பனையில் இருக்கிறது, பழுதுக் குறியீட்டை வாசிக்கும், சேர்விஸ் நினைவூட்டலை அணைக்கும். ஜிஎஸ் வாங்கும் எண்ணமிருந்தால் அதன் விலையையும் பைக் விலையோடு சேர்த்துப் போடுங்கள், சாமான் பெட்டியும் எஞ்சின் கார்டும் பிறகு வாங்கலாம்.

வால்வ் இடைவெளி பார்க்கிற கிலோமீட்டரும் முக்கியம். வி-ஸ்ட்ரோம் 650க்கு 24,000, டெனேரேக்கு 40,000 அளவில், டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4க்கு 60,000. டுகாட்டி என்றதும் அடிக்கடி பிரிக்க வேண்டும் என்கிற பழைய பயம் இந்த எஞ்சினுக்குப் பொருந்தாது. ஆனால் அந்த 60,000 வரும்போது நான்கு சிலிண்டரைத் திறக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் கொழும்பிலிருந்துதான் வரும்.

வாங்க முதல் பாஸிடம் ஒரு தரம் போய்க் கையேட்டைக் காட்டிப் பேசுங்கள். ‘கொண்டு வா, பார்ப்போம்’ என்று சிரிக்கிறவரை விட, ‘இதுக்கு எந்த டூல் வேணும், டோர்க் எவ்வளவு?’ என்று திருப்பிக் கேட்கிறவரிடம் பைக்கை விடுங்கள்.

பாவித்த பைக் மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் பைக்கைப் பார்க்க முதல் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். சேஸி நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் டோர்ச் அடித்து நீங்களே வாசித்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவோடு ஒத்துப் பாருங்கள். சிசியும் மொடலும் புத்தகத்தில் வேறாகவும் பைக்கில் வேறாகவும் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள், எவ்வளவு மலிவு என்றாலும். ‘பிறகு எழுதித் தருவோம்’ என்பதெல்லாம் உங்கள் காசு போகும்வரைதான்.

பிறகு அந்த 17 எழுத்து சேஸி நம்பரை வைத்து ரீகோல் வேலை செய்யப்பட்டதா என்று கொம்பனியிடம் கேளுங்கள், பல கொம்பனிகளின் தளத்திலேயே போட்டுப் பார்க்கலாம். போகிற நேரத்தை முன்கூட்டிச் சொன்னால் சிலர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். கையை எஞ்சினில் வைத்துப் பாருங்கள், சூடென்றால் ஆறும்வரை தேநீர் குடித்துக்கொண்டு இருங்கள். ஆறின எஞ்சின் முதல் நிமிடத்தில் போடுகிற சத்தம்தான் உண்மையான சத்தம். சாவி எத்தனை இருக்கிறது? ஒன்றுதான் என்றால் இம்மொபிலைசர் (வேறு சாவியால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கிற பூட்டு) சாவி செய்யப் படப்போகிற பாட்டையும் விலையிலிருந்து கழியுங்கள். இறக்குமதி நின்ற அந்த ஐந்து வருடத்தில் சாமான் கிடைக்காமல் ஒட்டுப்போட்டு ஓடிய பைக் நிறைய உண்டு. வயர் ஹார்னஸில் கறுப்பு டேப் சுற்றின இடம் கண்டால் அங்கே ஒரு கதை இருக்கிறது, கேளுங்கள்.

வாரண்டியும் இன்சூரன்ஸும் காப்பாற்றாதா?

வாரண்டி சாமானுக்கு. பைக்கை 300 கிலோமீட்டர் ஏற்றிப்போகிற செலவை யார் கொடுப்பது என்று எழுத்தில் கேளுங்கள், அநேகமாக நீங்கள்தான். இன்சூரன்ஸ் விபத்துக்கும் களவுக்கும், பழுதுக்கு இல்லை. ஃபுல் கவர் போடும்போது பைக்கின் பெறுமதியைக் குறைத்துக் காட்டி பிரீமியம் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அப்படியென்றால் எங்களுக்கு எத்தனை சிசி போதும்?

இந்த நாட்டில் ஊருக்கு வெளியே மோட்டார் சைக்கிளுக்கு வேக எல்லை மணிக்கு 70 கிலோமீட்டர், ஹைவேயில் பைக்கே ஏற முடியாது. வாகரை, வெருகல் வழியாகத் திருகோணமலை போனாலும், செங்கலடியால் ஏறி மகாஓயா, பிபிலை என்று பதுளைக்குப் போனாலும், 130 குதிரைவலுவை எங்கே திறந்துவிடப் போகிறீர்கள்? என்னைக் கேட்டால் 400இலிருந்து 700 சிசி வரை. ஹிமாலயன் 450க்கு 40 குதிரைவலு, எங்கள் மலைக்கும் வளைவுக்கும் அது காணும். இரண்டு பேர், பெட்டி, நீண்ட பயணம் என்றால் டெனேரே அல்லது வி-ஸ்ட்ரோம்.

எடையையும் மறக்காதீர்கள், அதுவும் நம்பகத்தன்மையில் சேர்த்திதான். ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோ, டெனேரே 205 அளவு. உன்னிச்சைக்குப் போகிற கிரவல் ரோட்டில் நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தால் உடைவது லீவரும் கண்ணாடியும் சில நேரம் ரேடியேட்டரும். விழுந்ததைத் தூக்க எத்தனை பேர் வேண்டும், லொறிக்கு ஏற்ற எத்தனை பேர் வேண்டும் என்று கற்பனை பண்ணிவிட்டுத் தெரிவு செய்யுங்கள். ஷோரூமில் சென்டர் ஸ்டாண்டில் நிற்கிற பைக் எல்லாருக்கும் இலேசாகத்தான் தெரியும்.

இல்லை, எனக்கு ஜிஎஸ் தான் வேண்டும். சின்ன வயதிலிருந்தே ஆசை.

எடுங்கள். ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. மூன்று விஷயம் மட்டும்: விலையில் பத்தில் ஒரு பங்கையாவது தனியாக வங்கியில் பழுதுக்கென்று போட்டு வையுங்கள், அன்றாட ஓட்டத்துக்கு வீட்டில் ஒரு பழைய ஸ்கூட்டரோ 125ஓ இருக்கட்டும், லீசிங்கில் எடுக்காதீர்கள், ஏனென்றால் பைக் கராஜில் நின்றாலும் மாதக் கட்டணம் நிற்காது. லைசன்ஸையும் பாருங்கள். ஏ1 மட்டும் இருந்தால் 100 சிசிக்கு மேல் ஓட்ட முடியாது, ஏ வேண்டும்.

வெளிநாட்டில் வேலை, வருடத்தில் இரண்டு மாதம்தான் ஊரில் நிற்பேன். பைக் சும்மா நின்றால் கெடுமா?

ஓடுவதை விட வேகமாகக் கெடும். அலாரமும் இம்மொபிலைசரும் சொட்டுச் சொட்டாகப் பற்றரியைக் குடிக்கும், மாதக்கணக்கில் விட்டால் பற்றரி செத்திருக்கும். போக முதல் டாங்கியை முழுக்க நிரப்புங்கள், பாதியில் விட்டால் உள்ளே காற்று ஈரம் கோர்த்துத் தண்ணீராக அடியில் நிற்கும். பற்றரியின் எதிர்மறை வயரைக் கழற்றி, முடிந்தால் மெயின்டெய்னர் சார்ஜர் ஒன்றில் போடுங்கள். தம்பியிடம் ‘கிழமைக்கு ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணு’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டு அணைத்தால் சைலன்சருக்குள்ளும் ஒயிலுக்குள்ளும் ஈரம்தான் சேரும். ஓட்டுவதென்றால் எஞ்சின் முழுக்கச் சூடாகும் வரை களுவாஞ்சிக்குடி வரைக்காவது ஓட்டிவிட்டு வரட்டும், இல்லையென்றால் தொடவே வேண்டாம். சாவியில்லாத பைக் என்றால் ஃபோப் என்கிற ரிமோட்டுக்குள் இருக்கிற காசு போன்ற சின்ன பற்றரியையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், திரும்பி வரும்போது புதிதாக ஒன்றை வாங்கிப் போடலாம்.